கிரைமியா மீதான தடை: அங்கே குடியிருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். 2015 தொடக்கத்தில் மேலிடத்திலிருந்து ஒரு வரி உத்தரவு வந்தது: கிரைமியாவில் இருக்கும் கணக்குகளை மூடிவிடுங்கள். மூடினோம். அதன் பிறகு அங்கிருந்து வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். பிறகு நண்பர்களிடமும் உறவினர்களிடமும் இதைச் சொல்லப்போக, ஒரே மாதிரிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தந்திருக்கிறேன்.

கிரைமியா எங்கே இருக்கிறது, அங்கே என்னதான் நடந்தது? முதலிலிருந்து சொல்லுங்கள்.

கருங்கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பம். பரப்பில் கேரளத்தைவிடச் சிறியது. செவஸ்தோபோல் நகரையும் சேர்த்து 2014-இல் சுமார் 23 லட்சம் பேர் இருந்தார்கள். சோவியத் யூனியன் கலைந்ததிலிருந்து சுதந்திர உக்ரைனின் பகுதி. 2014 பிப்ரவரி இறுதியில், சீருடையில் எந்த நாட்டு அடையாளமும் இல்லாத சிப்பாய்கள் கிரைமியாவின் தலைநகர் சிம்ஃபெரோபோலில் இருந்த அதன் நாடாளுமன்றக் கட்டடத்தைப் பிடித்தார்கள். மார்ச் 16-இல் ஒரு வாக்கெடுப்பு, மார்ச் 18-இல் ரஷ்யாவுடன் இணைப்பு ஒப்பந்தம். மொத்தக் கதையும் மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது.

மார்ச் 27 அன்று ஐ.நா. பொதுச்சபை இந்த வாக்கெடுப்பு செல்லாது என்று தீர்மானம் போட்டது. ஆதரவு 100, எதிர்ப்பு 11, விலகி நின்றவை 58. உலகின் பெரும்பாலான நாடுகளின் கணக்கில் கிரைமியா இன்றும் உக்ரைனுடையது. அங்கே நடப்பது ரஷ்ய ஆக்கிரமிப்பு.

தடை போட்டது யார்? ஐ.நா.வா?

இல்லை. பாதுகாப்புச் சபையில் எந்தத் தீர்மானத்தையும் தடுக்கும் வீட்டோ அதிகாரம் ரஷ்யாவிடம் இருக்கிறது. அங்கே எதுவும் நகராது. தடை போட்டவை அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், கனடா, ஜப்பான் போன்றவை, தனித்தனியாக.

ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஜூனில் கிரைமியப் பொருள்களை வாங்குவதைத் தடை செய்தது. டிசம்பரில் முதலீடு, நிலம் வாங்குவது, சுற்றுலா சேவை, பயணக் கப்பல்கள் அங்குள்ள துறைமுகங்களில் நிற்பது என்று எல்லாவற்றையும் அடைத்தது. அதே வாரம் அமெரிக்க அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட ஆணை இன்னும் கடுமை. பொருள், சேவை, தொழில்நுட்பம் எதுவும் அங்கே போகக் கூடாது, அங்கிருந்து வரவும் கூடாது.

ரஷ்யா மேல் போட்ட தடையும் கிரைமியா மேல் போட்ட தடையும் ஒன்றுதானே?

அப்படித்தான் நானும் முதலில் நினைத்தேன். இரண்டும் வேறு வேறு. 2014-இல் ரஷ்யா மீது வந்த தடைகள் ஆள்களைக் குறிவைத்தவை: இந்த அதிகாரி, அந்தப் பணக்காரர், இந்த வங்கி, எண்ணெய்த் துறையின் இன்ன தொழில்நுட்பம். மாஸ்கோவில் ஒரு ஆசிரியர் விசா அட்டையைத் தேய்த்துக் காபி குடித்துக்கொண்டுதான் இருந்தார்.

கிரைமியாவுக்கு வந்த தடை இடத்தைக் குறிவைத்தது. அங்கே முகவரி இருந்தால் போதும், நீங்கள் யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். படையெடுக்க உத்தரவிட்டவர்களின் ஊரில் வாழ்க்கை ஓடியது, படையெடுக்கப்பட்ட ஊரில் அட்டை வேலை செய்யவில்லை. கீழே வரும் பல பதில்களுக்கு இந்த வேறுபாடுதான் அடிப்படை.

சாதாரண ஆள் ஒருவனுக்கு அடுத்த நாள் காலையில் என்ன மாறியது?

2014 டிசம்பர் 26-இல் விசாவும் மாஸ்டர்கார்டும் அங்கே சேவையை நிறுத்தின. அடுத்த மாதமே பேபால், கூகுள், ஆப்பிள், அமேசான் என்று வரிசையாகக் கதவு மூடியது. செயலிக் கடைகள் திறக்கவில்லை, கூகுள் விளம்பரத்தில் நாலு காசு பார்த்தவர்களின் வருமானம் நின்றது. கணினி விளையாட்டு நிறுவனங்கள்கூடப் பிள்ளைகளின் கணக்குகளை முடக்கின.

வெளிநாட்டு விமானங்கள் போவதில்லை. ரஷ்யா அங்கே கொடுத்த பாஸ்போர்ட்டில் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் விசா குத்துவதில்லை. இன்னொரு வேடிக்கை: தண்டனைக்குப் பயந்து ரஷ்யாவின் மிகப் பெரிய வங்கியான ஸ்பெர்பேங்க் 2023 வரை கிரைமியாவில் கிளை திறக்கவில்லை. 'எங்கள் நிலம்' என்று கொண்டாடிய நாட்டின் வங்கியே எட்டிப் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழைக்கிறவனை ஏன் சார் முடக்க வேண்டும்? அவனா டாங்கி ஓட்டினான்?

நியாயமான கேள்வி. அமெரிக்க ஆணை 'சேவை' என்று சொன்னதால் மென்பொருளும் அதற்குள் வந்துவிட்டது. பிறகு அமெரிக்கக் கருவூலத் துறையே 2015-இல் ஒரு பொது அனுமதி கொடுத்தது: மின்னஞ்சல், அரட்டை, வலைப்பதிவு, படம் பகிர்வது போன்ற தனிமனிதத் தகவல் தொடர்புக்கான இலவசச் சேவைகள் தொடரலாம். காசு கட்டி வாங்கும் மென்பொருள் அதில் சேராது. 2019-இல் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப் கிரைமியப் பயனர்களின் கணக்குகளைக் கட்டுப்படுத்தியபோது, எல்லாரும் பார்க்கக்கூடிய நிரல்கள் தப்பின, தனிப்பட்ட களஞ்சியங்கள் பூட்டப்பட்டன. முன்கூட்டிச் சொல்லாததால், தங்கள் உழைப்பைப் பிரதி எடுத்துக்கொள்ளக்கூட முடியவில்லை என்று பலர் கொதித்தார்கள்.

எங்கள் நிறுவனத்தில் நடந்தது இன்னும் மோசம். எது அனுமதி, எது தடை என்று யாரும் உட்கார்ந்து படிக்கவில்லை. இணைய இணைப்பின் ஐ.பி. முகவரி கிரைமியா என்று காட்டினால் மூடு, அவ்வளவுதான். ஓர் இசை ஆசிரியை தன் மாணவர்களின் பாடக் குறிப்புகளை மட்டும் திருப்பித் தரச் சொல்லி நாலு முறை எழுதினார். 'உங்கள் பகுதிக்குச் சேவை இல்லை' என்ற அச்சடித்த பதிலை நாலு முறையும் அனுப்பினேன். அவருடைய கோப்புகளை அவரிடமே கொடுப்பதற்கு ஏதாவது வழி இருந்ததா என்று யாரையும் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

மருந்து, சாப்பாடுகூடக் கிடைக்காமல் செய்தார்களா?

சட்டத்தில் இல்லை. அமெரிக்கத் தடையில் உணவு, வேளாண் பொருள், மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. குடும்பத்துக்குச் சொந்தச் செலவுக்காகப் பணம் அனுப்பவும் விலக்கு உண்டு. தபால், தொலைபேசிக்கும் உண்டு.

நடைமுறை வேறு. மருந்து விற்கலாம் என்று சட்டம் சொன்னாலும், அதற்கான பணம் ஒரு வங்கி வழியாக வர வேண்டும், ஒரு கப்பல் ஏற்ற வேண்டும், ஒரு காப்பீட்டு நிறுவனம் கையெழுத்துப் போட வேண்டும். இந்த மூவருக்கும் அந்த வியாபாரத்தில் கிடைப்பது சில்லறை, தவறு நடந்தால் அபராதமோ கோடிக்கணக்கில். 'எதற்கு வம்பு' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ரஷ்யாவிலிருந்து மருந்தும் உணவும் போய்க்கொண்டிருந்ததால் பட்டினி என்ற நிலை வரவில்லை. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு குறுகியது.

விலைவாசி ஏறியது, பேங்கில் போட்ட பணம் போனது, இதற்கெல்லாம் தடைதானே காரணம்?

பெரும்பகுதி இல்லை. இங்கேதான் நிறையப் பேர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். தடை வருவதற்கு முன்பே உக்ரைன் வங்கிகள் வெளியேறிவிட்டன. ரஷ்யா ஒரு நிதியம் அமைத்து, ஓர் ஆளுக்கு 7 லட்சம் ரூபிள் வரை கொடுத்தது. அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் அலைந்தார்கள். 2014 ஜூன் 1 முதல் ரூபிள் மட்டும்தான் செல்லும் என்றார்கள். ஆண்டு இறுதியில், பெருமளவு எண்ணெய் விலை சரிந்ததால், அந்த ரூபிளே படுத்துவிட்டது. முன்பு உக்ரைனிலிருந்து ரயிலில் வந்த சரக்கு, இப்போது ரஷ்யாவுக்கும் கிரைமியாவுக்கும் நடுவில் உள்ள கெர்ச் நீரிணையைப் படகில் தாண்டி வர வேண்டியிருந்தது. புயல் அடித்தால் அதுவும் இல்லை.

சுற்றுலாவும் அப்படியே. உள்ளூர் நிர்வாகத்தின் கணக்குப்படி 2013-இல் வந்தவர்கள் 60 லட்சத்தை ஒட்டி, 2014-இல் 40 லட்சத்துக்கும் கீழே. முன்பு வந்தவர்களில் பெரும்பாலோர் ரயிலேறி வந்த உக்ரைன்காரர்கள். அவர்களை நிறுத்தியது படையெடுப்பு. மெக்டொனால்ட்ஸ் தன் மூன்று உணவகங்களையும் மூடியது 2014 ஏப்ரலில், ஒபாமா கையெழுத்துப் போடுவதற்கு எட்டு மாதம் முன்பு.

தண்ணீரை அடைத்தார்கள், கரண்டை வெட்டினார்கள் என்கிறார்களே, அதுவும் தடையில் சேருமா?

மேற்கு நாடுகளின் தடையில் சேராது. ஆனால் அங்கே குடியிருப்பவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

உக்ரைனின் நீப்பர் ஆற்றிலிருந்து வரும் வடகிரைமியக் கால்வாய்தான் தீபகற்பத்தின் நீர்த்தேவையில் சுமார் 85 விழுக்காட்டைத் தந்தது. 2014 ஏப்ரலில் உக்ரைன் அதை அடைத்தது. கிரைமியாவில் நெல் சாகுபடி அதோடு முடிந்தது. (காவிரியில் தண்ணீர் வராத வருடங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) அந்த நீரில் பெரும்பகுதி பாசனத்துக்கும் ஆலைகளுக்கும் போனது, குடிநீருக்கு வேறு நீர்த்தேக்கங்கள் இருந்தன என்பது உக்ரைன் தரப்பு வாதம். 2020 வறட்சியில் சிம்ஃபெரோபோலில் நேரம் வைத்துக் குழாய் திறந்தபோது அந்த வாதம் கொஞ்சம் வலுவிழந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை முதல் வேலையாகக் கால்வாயை அடைத்திருந்த அணையைத் தகர்த்தது.

மின்சாரம் வேறு கதை. 2015 நவம்பரில் உக்ரைனின் கெர்சோன் பகுதியில் மின்கோபுரங்களை யாரோ வெடிவைத்துச் சாய்த்தார்கள். கிரைமியாவில் ஏறத்தாழ 19 லட்சம் பேர் இருட்டில். குளிர்காலம் தொடங்கும் நேரம். கோபுரங்களைச் சரிசெய்யப் போனவர்களை ஆர்வலர்கள் மறித்தார்கள். ஓர் அரசு போடும் வணிகத் தடையை ஆதரிக்க என்னிடம் காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் கம்பியை வெட்டுவதை ஆதரிக்க ஒன்றும் இல்லை.

அவர்களே ஓட்டுப் போட்டுத்தானே போனார்கள்? அனுபவிக்கட்டும்.

96 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு என்பது அறிவிக்கப்பட்ட முடிவு. தெருவில் சிப்பாய்கள் நிற்க, பத்து நாள் அவகாசத்தில் நடந்த வாக்கெடுப்பு அது. சீட்டில் இருந்த தேர்வுகள் இரண்டு: ரஷ்யாவோடு சேர்வது, அல்லது உக்ரைனுக்குள்ளேயே கூடுதல் தன்னாட்சி தந்த கிரைமியாவின் 1992 அரசியலமைப்புக்குத் திரும்புவது. 'இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும்' என்பதற்குக் கட்டமே இல்லை.

சரி, மனதார ஆதரித்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம், இருந்தார்கள்தான். ஒரு சீட்டில் போட்ட குறிக்காக ஒருவருடைய வங்கி அட்டையைப் பறிக்கலாம் என்றால், அன்று பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகளின் கணக்கு எதில் சேரும்?

எதிர்த்தவர்களுக்கும் அதே அடிதானா? தாத்தார்கள் என்று ஒரு இனம் இருக்கிறதே?

அதே அடிதான், சில சமயம் இரட்டை அடி. கிரைமியத் தாத்தார்கள் மக்கள்தொகையில் சுமார் 12 விழுக்காடு. 1944-இல் ஸ்டாலின் காலத்தில் மொத்தமாக நாடு கடத்தப்பட்டு, 1980-களின் இறுதியில்தான் திரும்பத் தொடங்கியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் 2014 வாக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். அவர்களுடைய பேரவையான மெஜ்லிஸை 2016-இல் ரஷ்யா தடை செய்தது. ஐ.பி. முகவரியைப் பார்த்து மூடும் மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது.

இடம்பெயர்ந்து கீவுக்கு ஓடியவர்களும் தப்பவில்லை. 2014 நவம்பரில் உக்ரைன் மத்திய வங்கி, கிரைமியாவில் பதிவு உள்ளவர்களை 'வெளிநாட்டில் வசிப்போர்' என்று வகைப்படுத்தியது. நாட்டுக்காக வீட்டை விட்டு வந்தவர்கள், சொந்தத் தலைநகரின் வங்கி ஜன்னலில் அந்நியர்களாக நின்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் இடம்பெயர்ந்தோருக்கு மட்டும் தளர்த்தினார்கள்.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 2015 செப்டம்பரில் கிரைமியாவுக்குப் போகும் உணவு லாரிகளை மறித்துப் போராட்டம் தொடங்கியதே முஸ்தஃபா ஜெமிலேவ், ரெஃபாத் சுபாரோவ் போன்ற தாத்தார் தலைவர்கள்தான். தங்கள் மக்களும் கஷ்டப்படுவார்கள் என்று தெரிந்தே செய்தார்கள். 'பாவம் உள்ளூர்க்காரர்கள்' என்று தூரத்திலிருந்து நாம் பேசும்போது, அந்த உள்ளூர்க்காரர்களிலேயே ஒரு சாரார் தடை வேண்டும் என்று கேட்டதை மறந்துவிடக் கூடாது.

ஒரு ஊரையே தண்டிப்பது சர்வதேசச் சட்டப்படி குற்றம் இல்லையா?

கூட்டுத் தண்டனையைத் தடுப்பது 1949-ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, 33-ஆம் பிரிவு. அது எழுதப்பட்டது மக்களைத் தன் பிடியில் வைத்திருக்கும் அரசுக்காக. கிரைமியாவில் அந்தப் பிடி ரஷ்யாவுடையது. அதே உடன்படிக்கையின் 55, 56-ஆம் பிரிவுகள் உணவும் மருத்துவமும் கிடைக்கச் செய்யும் பொறுப்பை ஆக்கிரமித்தவர் மீதே வைக்கின்றன. தொலைவில் இருக்கும் ஒரு நாடு 'உன்னோடு வியாபாரம் இல்லை' என்பது 33-ஆம் பிரிவில் நேரடியாக மாட்டாது.

ஆனால் அதற்காக எதையும் செய்யலாம் என்றில்லை. 1971-இல் சர்வதேச நீதிமன்றம் நமீபியா பற்றி ஒரு கருத்து சொன்னது. தென்னாப்பிரிக்கா அங்கே இருப்பது சட்டவிரோதம், அதை உலகம் அங்கீகரிக்கக் கூடாது. அதே நேரத்தில், அங்கீகரிக்காமல் இருப்பதால் நமீபிய மக்கள் சர்வதேச ஒத்துழைப்பின் பயன்களை இழந்துவிடக் கூடாது. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளை மறுத்தால் அடி வாங்குவது மக்கள்தான், ஆகவே அவற்றைச் செல்லாது என்று தள்ள முடியாது என்றும் சொன்னது. இந்த விவகாரத்தில் நான் படித்தவற்றில் என் மனதில் நின்ற அளவுகோல் இதுதான்.

அப்படியானால் கிரைமியாவில் பிறந்த குழந்தைக்குச் சான்றிதழ் செல்லுமா?

ரஷ்ய அலுவலகம் கொடுத்த தாளை உக்ரைன் அப்படியே ஏற்பதில்லை. 2016 முதல், அந்தத் தாளைச் சாட்சியமாக வைத்து உக்ரைன் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, உத்தரவு வாங்கி, உக்ரைன் சான்றிதழ் பெறலாம். நமீபியாக் கருத்து பாதி நடைமுறைக்கு வந்தது என்று சொல்லலாம். பாதி என்பது ஏனென்றால், கைக்குழந்தையோடு எல்லை தாண்டி வழக்காடுவது எல்லாராலும் முடியாது.

உக்ரைன் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்கு ஒரு கதவு திறந்தே இருந்தது. 2017 ஜூனிலிருந்து உக்ரைனின் பயோமெட்ரிக் பாஸ்போர்ட்டுக்கு ஐரோப்பாவில் விசா தேவையில்லை. கிரைமியாக்காரருக்கும் அது பொருந்தும். உக்ரைன் பல்கலைக்கழகங்களில் சேரக் கிரைமிய மாணவர்களுக்கென்று தனி வழியும் 2016-இல் வந்தது. ஐரோப்பிய வணிகத் தடையிலும் இதே தத்துவம்: பொருள் எங்கே உருவானது என்று காட்டும் தோற்றச் சான்றிதழை உக்ரைன் அதிகாரிகள் கொடுத்தால் கிரைமியப் பொருளை வாங்கலாம்.

இவ்வளவு செய்தும் ரஷ்யா போகவில்லையே, அப்புறம் தடையால் என்ன பிரயோஜனம்?

போகவில்லை. மின்வெட்டு நடந்த சில நாளிலேயே ரஷ்யாவின் கூபான் பகுதியிலிருந்து கடலுக்கடியில் இழுத்த கம்பியில் மின்சாரம் வரத் தொடங்கியது. சீமென்ஸ் நிறுவனத்தின் நான்கு மின்நிலைய டர்பைன்கள் ரஷ்யாவின் தமானுக்கு என்று வாங்கப்பட்டு, 2017-இல் கிரைமியாவில் போய் இறங்கின. 2018 மே மாதம் 19 கிலோமீட்டர் நீளமுள்ள கெர்ச் பாலம் திறந்தது. டர்பைன்களுக்கும் பாலத்துக்கும் பிறகு ஐரோப்பா இன்னும் சில பெயர்களைத் தடைப் பட்டியலில் சேர்த்தது.

பலன் இல்லை என்றும் சொல்ல முடியாது. சட்டவிரோதமாகப் பிடித்த நிலத்தில் உலக நிறுவனங்கள் ஓட்டல் கட்டவில்லை, ரஷ்யாவுக்குச் செலவு ஏறியது. ஆனால் ஒரு பக்கவிளைவை யாரும் சரியாக எடைபோடவில்லை என்பது என் எண்ணம்: வெளிக்கதவுகள் எல்லாம் மூடினால், திறந்திருக்கும் ஒரே கதவு ஆக்கிரமித்தவனுடையதாக இருக்கும். ஜார்ஜியாவிலிருந்து பிரிந்துபோன அப்காசியாவில் இது முன்பே நடந்தது. 1996-இல் ரஷ்யாவும் சேர்ந்துதான் அங்கே தடை போட்டது. பிறகு ரஷ்யா மெல்லத் தளர்த்தி, 2008-இல் முழுதாக விலகியது. அப்காசியாவின் பணம், பாஸ்போர்ட், சந்தை எல்லாம் மாஸ்கோ பக்கம் சாய்ந்தன.

மற்ற ஆக்கிரமிப்புகளுக்கு ஏன் இப்படித் தடை இல்லை? ஆளைப் பார்த்து நியாயமா?

ஆமாம், பெருமளவு ஆளைப் பார்த்துத்தான். கிரைமியாவை முடக்கிய அதே அமெரிக்கா 2019-இல் கோலன் குன்றுகளை இஸ்ரேலுடையதாகவும், 2020-இல் மேற்கு சஹாராவை மொராக்கோவுடையதாகவும் அங்கீகரித்தது. மேற்குக் கரையில் உள்ள இஸ்ரேலியக் குடியேற்றங்களின் பொருள்களுக்கு ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் கேட்டது லேபிளில் உண்மையை எழுதச் சொல்லி, அவ்வளவே. துருக்கி பிடித்துவைத்திருக்கும் வட சைப்ரஸ் மட்டும் ஓரளவு கிரைமியா மாதிரி: அங்குள்ள நிர்வாகம் கொடுத்த சான்றிதழோடு ஆரஞ்சும் உருளைக்கிழங்கும் ஐரோப்பாவுக்குள் வரக் கூடாது என்று 1994-இல் தீர்ப்பு வந்தது.

ஒரு நுணுக்கம் உண்டு. குடியேற்றங்களின் பொருளைத் தடுத்தால் அடி விழுவது அங்கே போய்க் குடியேறியவர்களுக்கு. கிரைமியாவைத் தடுத்தால் முதல் அடி ஏற்கெனவே அங்கே இருந்தவர்களுக்கு. கடுமையான தடையை உலகம் தலைகீழான இடத்தில் போட்டிருக்கிறது என்று சில நாள் எனக்குத் தோன்றும்.

நம் நாடு என்ன செய்தது? நம்ம பிள்ளைகள் அங்கே டாக்டருக்குப் படித்தார்களே?

படித்தார்கள். சிம்ஃபெரோபோல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர்கள் கணிசமாக இருந்தார்கள். ஐ.நா. வாக்கெடுப்பில் இந்தியா விலகி நின்ற 58 நாடுகளில் ஒன்று. ஐ.நா. போடும் தடையை மட்டுமே ஏற்போம் என்பது டெல்லியின் பழைய நிலை. 2014 டிசம்பரில் புதின் டெல்லி வந்தபோது கிரைமியாவின் ரஷ்ய நிர்வாகத் தலைவர் செர்கெய் அக்ஸியோனவும் வந்து சேர, வாஷிங்டனும் கீவும் முகம் சுளித்தன.

ஆக, இந்தியச் சட்டப்படி கிரைமியாவோடு தொழில் செய்யத் தடை இல்லை. ஆனால் டாலரில் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் அமெரிக்கச் சட்டத்தைத்தான் பார்க்கும். எங்கள் அலுவலகத்துக்கு வந்த அந்த ஒரு வரி உத்தரவின் ரகசியம் இதுதான்.

2022-க்குப் பிறகு இதையெல்லாம் பேசி என்ன பயன்? இப்போது ரஷ்யா முழுக்கத் தடைதானே?

பாதி சரி. 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யா முழுவதையும் விட்டு வெளியேறின. மாஸ்கோ ஆசிரியரின் அட்டை உள்நாட்டில் ஓடினாலும், நாட்டுக்கு வெளியே செல்லாமல் போனது. ஆனால் இடத்தைக் குறிவைக்கும் தடை பரவியிருக்கிறது. கிழக்கு உக்ரைனின் தொனெத்ஸ்க், லுஹான்ஸ்க் பகுதிகளுக்கு அமெரிக்கா 2022 பிப்ரவரியிலேயே அதே அச்சில் ஆணை போட்டது. ஐரோப்பா அக்டோபரில் கெர்சோன், சபோரிஷியா ஆக்கிரமிப்புப் பகுதிகளையும் சேர்த்தது. நல்ல மாற்றம் ஒன்று: உணவு, மருந்து, குடும்பத்துக்குப் பணம், தொலைபேசி, இணையத் தொடர்பு ஆகியவற்றுக்கான அமெரிக்க அனுமதிகள் இந்த முறை ஆணையோடு கூடவே வந்தன. கிரைமியாவில் இணையத் தொடர்புக்கான அனுமதி வர 2015 மே வரை ஆனது.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், நியாயமா அநியாயமா?

ஒரே வார்த்தையில் வராது. ஆக்கிரமித்த நிலத்தில் முதலீடு, ஏற்றுமதி, துறைமுகம், எரிவாயு ஆகியவற்றை அடைப்பது நியாயம். அதில் உள்ளூர்க்காரருக்கும் இழப்பு வரும், அந்தப் பழி முதலில் ஆக்கிரமித்தவருடையது. பிள்ளை படிக்கும் செயலி, ஒருவர் எழுதிய நிரல், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை அடைப்பது அநியாயம். அதில் ரஷ்யாவுக்கு ஒரு ரூபிள்கூட நட்டமில்லை. இந்த இரண்டாவது வகையில் பாதியைச் சட்டம் கேட்கவே இல்லை. பயந்துபோன நிறுவனங்கள் தாமாகச் செய்தவை.

நானும் சப்போர்ட் டீமில்தான் இருக்கிறேன். அங்கிருந்து யாராவது எழுதினால் என்ன செய்வது?

முதலில் அவர் கேட்பது என்ன என்று பாருங்கள். புதிதாகக் காசு கட்டிச் சேவை வேண்டும் என்றால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அதை நேராகச் சொல்லிவிடுங்கள். தன் பழைய கோப்புகளைத்தான் கேட்கிறார் என்றால், அந்தக் கடிதத்தைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பி, 'இது எந்தப் பொது அனுமதியில் வரும்' என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் 'வேண்டாம், விடு' என்பார்கள். எழுத்தில் கேட்டால் யாராவது ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும். கணக்கை மூடத்தான் வேண்டும் என்று முடிவானால், மூடுவதற்கு முன் பிரதி எடுக்க முப்பது நாள் அவகாசம் கொடுக்க முடியுமா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். அப்புறம், அச்சடித்த பதிலை இரண்டாம் முறை அனுப்பாதீர்கள்.